எதிர் யன்னலில் ஒரு கிண்ணம்

ஒஸ்லோவில் யாரும் யன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. மாரிகாலத்தில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து டிராமில் வரும்போது வீதியின் இரு பக்கமும் வீடுகள் வெளிச்சமாகத் திறந்து கிடக்கும். ஒருவர் பெனியனோடு உருளைக்கிழங்கு சீவுவார், ஒரு பிள்ளை பியானோவோடு மல்லுக்கட்டும், புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவார்கள். எனக்கு நேரெதிர்த் தொடர்மாடியில் இங்கர் என்ற வயதான பெண் தனியே இருக்கிறார். பாவம், மனுசி மறந்துபோய்த்தான் திரையைத் திறந்து விட்டிருக்கிறார் என்று நினைத்து, ஒருநாள் குப்பை போடும் இடத்தில் கண்டபோது, எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜியனில், உங்கள் வீட்டின் உள்பக்கம் எனக்குத் தெரிகிறது என்றேன். எச்சரிக்கை செய்வதாக எனக்கு நினைப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கும் உன்னைத் தெரிகிறது. நீ நின்றபடியே சாப்பிடுகிறாய்" என்றார். அன்று பின்னேரமே போய், இருந்ததிலேயே தடித்த திரைத்துணியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொட்டாஞ்சேனையில் ஏழு மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் ஏஜென்சிக்காரன் வெளிநாட்டுக்கு அனுப்புவான் அனுப்புவான் என்று காத்துக்கொண்டு, ஒரு லொட்ஜின் மேல்மாடி அறையில் ஆறு பேர் கிடந்தோம். யாழ்ப்பாணத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோடு தலைநகரின் வீதியில் நடப்பது யுத்தம் நடந்த அந்த நாளில் சும்மா காரியம் அல்ல. யன்னலுக்குப் பழைய பேப்பர் ஒட்டி, அதில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தோம். ஏஜென்சிக்காரனின் ஆள் சந்தியில் வந்து நிற்கிறானா என்று பார்க்கத்தான் அந்த ஓட்டை. ஆனால் அதில் கண்ணை வைத்தால் முதலில் தெரிவது எதிர்வீட்டு மேல்மாடி யன்னல். அங்கே ஒரு மனிதர் தினமும் பின்னேரம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நிற்பார். எங்கள் பக்கமே பார்த்தபடி ஆறுதலாகக் குடிப்பார். ஒரு காலை ஆறு மணிக்குப் பொலிஸ் வந்து எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, ரவியை மட்டும் கூட்டிப் போனது. பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது பாரிசில் இருக்கிறான். ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் யன்னலோர மேசையில் இருக்க மாட்டான். காட்டிக்கொடுத்தது அந்தத் தேத்தண்ணீர்க்காரர்தான் என்று ஆறு பேரும் அன்றைக்கே முடிவு கட்டினோம். அதற்குப் பிறகு முப்பது வருடமாக அந்த முடிவை யாரும் கிளறவில்லை.

இப்படிப்பட்டவன் யன்னல்களைப் படம் எடுக்கிறவனாக மாறியது எப்படி என்று கேட்பீர்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே யன்னல் கிடையாது. எட்டு மணித்தியாலம் வெள்ளைத் துணியையே பார்த்துவிட்டு மேலே வந்தால், டிராம் கண்ணாடிக்கு வெளியே தெரியும் குப்பை லொறிகூட அழகாக இருக்கும். போனில் எடுக்கத் தொடங்கினேன். பிறகு ஒரு நல்ல கமரா வாங்கினேன். கலியாணம் நாலு வருடத்தில் முறிந்து தனியாளாகிவிட்டதால், என்ன பைத்தியமடா இது என்று கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை. ரயில் யன்னல், பஸ் யன்னல், மழை வழியும் கண்ணாடி என்று எடுத்து, ஒருவரிக் குறிப்போடு பேஸ்புக்கில் போடுவேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள். நாலு பேர் நல்லதாகச் சொன்னால் மனிதனுக்குத் தலை கனத்துவிடுகிறது. எனக்கும் கனத்தது.

இந்தத் தை மாதம் அக்காவுக்குக் கண் ஒப்பரேசன் என்று வெள்ளவத்தைக்குப் போனேன். அக்கா ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. அம்மாவுக்காக வாங்கிய நாலாம் மாடி வீட்டில், அம்மா போன பிறகும் தனியே இருக்கிறார். நான் கடைசியாக வந்தது எட்டு வருடத்துக்கு முன், அம்மாவின் காரியத்துக்கு. அப்போது வரவேற்பறை யன்னலில் கடல் தெரிந்தது. இந்த முறை திரையை விலக்கினால் சீமெந்துச் சுவர். பக்கத்து வளவில் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நின்றது. கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிறோம், கடல் மறைந்துபோன கதையை இவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி என்ன, நீ வந்து இடிக்கப் போறியே?" என்றார்.

குசினி யன்னலுக்கு நேரே அந்தப் புதுக் கட்டடத்தின் குசினி யன்னல் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் இடையே என்ன சட்டப்படி எவ்வளவு இடம் விட்டிருக்க வேண்டுமோ தெரியாது. விட்டிருந்தது, இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் கையை நீட்டினால் விரல் முட்டும் தூரம். அந்த வீட்டின் சொந்தக்காரர்கள், ஜெயந்தி என்பவரும் குடும்பமும், லண்டனில் இருந்தார்கள். வருடத்தில் ஆவணி மாதம் மட்டும் வந்து போவார்கள். மற்றப் பதினொரு மாதமும் வீட்டைப் பார்த்துக்கொள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான மஸ்கெலியாப் பக்கத்துப் பெண் ஒருவரை வைத்திருந்தார்கள். பெயர் மருதாயி. வயது ஐம்பது இருக்கும். கதவை யாருக்கும் திறக்கக் கூடாது, யன்னல்களைப் பூட்டி வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு கதை வைக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்த சட்டம். அவர் குசினி யன்னலை மட்டும் களவாகத் திறந்து வைத்திருந்தார்.

காலை எட்டு மணிக்கு "டீச்சர்" என்று ஒரு குரல் அந்த இடைவெளியைத் தாண்டி வரும். அக்காவுக்கு ஒப்பரேசன் செய்தது ஒரு கண்ணில். மற்றக் கண்ணில் அழுத்தம். அதற்குக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் சீவியம் முழுக்க மருந்து விட வேண்டும், தவறினால் அந்தப் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா நாற்பது வருடம் மணி அடித்து வகுப்பு எடுத்தவர். ஆனால் இப்போது நேரம் அவருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு வேளைக்கும் மருதாயிதான் அவருடைய மணி. போன வருடம் அக்கா குசினியில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது, எதிர் யன்னலில் இருந்து கண்டு, கீழே காவலுக்கு நின்ற வாச்சரைக் கூப்பிட்டு, கதவை உடைக்க வைத்தவரும் அவர்தான். அக்கா இதையும் எனக்குச் சொல்லவில்லை. சும்மா கால் சுளுக்கு என்றார்.

இரண்டு பேருக்கும் இடையே ஒரு எவர்சில்வர் கிண்ணம் போய் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் பெயர் வெட்டிய கிண்ணம். அக்கா சொதியோ சம்பலோ வைத்துக் கம்பிக்குள்ளால் நீட்டுவார். மருதாயி அதைக் கழுவி மறுநாள் திருப்பித் தருவார். வெறுமையாகத் தரமாட்டார். ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. நாலு கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், ஒன்றும் கைக்கு வராத நாளில் ஒரு பிடி சீனி.

காலை பத்து மணியளவில் அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே கொஞ்ச நேரம் வெயில் இறங்கும். நான் போய் ஒன்பதாம் நாள், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் படத்தை எடுத்தேன். இந்தப் பக்கத்தில் இருந்து நீளும் அக்காவின் கை, அந்தப் பக்கத்தில் இருந்து நீளும் கண்ணாடி வளையல் போட்ட கறுத்தக் கை, நடுவில் கிண்ணம், அதற்குள் வெயில் பட்டு மினுங்கும் சீனி, பின்னால் எதிர்க் குசினியின் நீலப் பூ டைல்ஸ். மருதாயியின் முகம் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதுவே பெரிய நாகரிகம் என்று நினைத்தேன். கேட்டு எடுக்கவில்லை. கேட்டால் கை விறைத்துவிடும், படம் கெட்டுவிடும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சாட்டு இருக்கிறது. புறக்கோட்டை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அதைப் பேஸ்புக்கில் போட்டேன். "எங்கள் ஊரில் வெறும் கிண்ணம் திரும்பி வராது. வெள்ளவத்தை, இன்று காலை" என்று குறிப்பு. பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருந்து ஒருவர், "இந்த நீலப் பூ டைல்ஸ் எங்கட ஜெயந்தி அக்காவின்ர குசினி எல்லோ" என்று எழுதியிருந்தார். உலகம் எவ்வளவு சின்னது என்று எனக்குச் சந்தோசம். அதற்கு ஒரு இருதயம் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைத்தேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போனது பழைய லொட்ஜ் யன்னலைப் படம் எடுக்கத்தான். லொட்ஜ் இப்போது குளியலறைச் சாமான் கடை. மேல்மாடியில் எங்கள் யன்னல் மட்டும் அப்படியே இருந்தது. எதிர்வீடும் இருந்தது. அந்தத் தேத்தண்ணீர்க்காரர் நின்ற இடத்தில் நின்று எங்கள் யன்னலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. கதவைத் தட்டினேன். என் வயதுப் பெண் ஒருவர் திறந்தார். நெற்றியில் விபூதி, கையில் சாவிக்கொத்து. மேல்மாடியை ஒருதரம் பார்க்கலாமா என்று நான் கேட்டதும், வீடு விற்பதற்கில்லை, தரகர்மார் சும்மா வந்து அலைய வேண்டாம் என்று கதவைச் சாத்தப் போனார். நான் தரகன் இல்லை, நோர்வேயில் இருந்து வருகிறேன், யன்னல்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு என்று கமராவைக் காட்டினேன். இதென்ன கூத்து என்று சிரித்துவிட்டு உள்ளே விட்டார். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் புறக்கோட்டையில் புடவை வியாபாரம். பூர்வீகம் தமிழ்நாடு.

மேலே போய் அந்த யன்னலில் நின்றேன். தன் அப்பா தினமும் நின்ற இடம் அது என்று அவராகவே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. "எதுத்தாப்புல லொட்ஜு இருந்திச்சிங்க. ஒரு ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டி, நடுவுல ஒரு ஓட்ட போட்டு வச்சிருந்தாங்க. யாரோ நம்ம வீட்டயே பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு அப்பாவுக்கு ஒரே பயம். ராத்திரியில தூங்க மாட்டாரு. நம்மகிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு காட்டுறதுக்காகவே தெனமும் டீயோட வந்து நிப்பாரு." அப்பா எப்போதோ இறந்துவிட்டார் என்றார். அந்த ஓட்டைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவன் நான் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். தேத்தண்ணீர் தந்தார், குடித்தேன். படம் எடுக்கவில்லையா என்று கேட்டார். வெளிச்சம் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பும்போது ரயிலில் கடல் பக்க இருக்கை கிடைத்தும் கமராவை வெளியே எடுக்க மனம் வரவில்லை. ஒரு பயந்த மனிதரை முப்பது வருடமாகக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லி வந்திருக்கிறோம். இதை ரவிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வெள்ளவத்தையில் இறங்கினேன்.

மறுநாள் எட்டு மணிக்குக் குரல் வரவில்லை. எதிர் யன்னல் சாத்தியிருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்றார் அக்கா. அதற்கு அடுத்த நாள் காலை யன்னல் திறந்தது. மருதாயி நல்ல சேலை உடுத்தி நின்றார். பின்னால் யாரோ ஒரு ஆண் நடமாடும் சத்தம் கேட்டது. லண்டன்காரரின் சொந்தக்காரர், சாவி வாங்க இரத்மலானையில் இருந்து வந்தவர் என்று பிறகு அறிந்தேன். மருதாயி என் பக்கம் திரும்பவில்லை.

"டீச்சர், எட்டு மணி மருந்த மறந்துராதீங்க. நான் கூப்புட மாட்டேன், கூப்புட மாட்டேன்னு நெனச்சிக்கிட்டே இருங்க. ஞாபகம் வந்துரும்."

உள்ளிருந்து ஒரு கை வந்து யன்னலைச் சாத்தியது. நான் நாலு மாடியும் படியால் ஓடி இறங்கி, ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கட்டட வாசலுக்குப் போனேன். ஒரு துணிப்பையோடு ஓட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. படத்தைப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதிசயம்தான் இருந்தது. "வாச்சரய்யா படத்தக் காட்டினாருங்க. மூஞ்சி தெரியலயே, எப்படிங்க கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டார். போன் இலக்கம் கேட்டேன். போன் அந்த வீட்டுப் போன், வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றார். ஓட்டோ காலி வீதிக்குத் திரும்பியது.

அன்றே லண்டன் ஜெயந்தியைத் தேடிப் பிடித்துக் கதைத்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், மிகவும் மரியாதையாகக் கதைத்தார். அந்தப் பெண் இல்லாவிட்டால் என் அக்கா அன்று குசினியிலேயே கிடந்து செத்திருப்பார் என்று சொன்னேன். கவலைப்பட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு சொன்னார்: "அவ எங்கட சீனியை எடுத்துக் குடுத்தது பெரிய விசயமே இல்லைத் தம்பி. யன்னலைத் திறக்கக் கூடாதெண்டு சொல்லித்தான் வச்சனாங்கள். நீங்களும் வெளியில இருக்கிறனீங்கள், உங்களுக்கு விளங்கும்தானே." எனக்கு விளங்கியது. யாருக்கும் கதவு திறக்காதேங்கோ, அக்கம்பக்கத்தோட வச்சுக்கொள்ளாதேங்கோ, காலம் கெட்டுக் கிடக்கு என்று ஒஸ்லோவில் இருந்தபடி நானும் அக்காவுக்கு இதே சட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அக்கா அதைக் கேட்டு நடந்திருந்தால் போன வருடமே எனக்குச் சாவுச்செய்தி வந்திருக்கும்.

படத்தை அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் பலர் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் பண்பாடு என்று எழுதி, கை கூப்பும் படங்கள் வைத்து, இன்றும் அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு போட்டுத் தந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவவுக்கு வேலை போச்சு. எனக்குக் காலமைக் குரல் போச்சு. உனக்கு ஒரு நல்ல படம் கிடைச்சுது."

நான் சாப்பிட்டு முடித்தேன். இல்லாவிட்டால் அதற்கும் அவர் கவலைப்படுவார். புறப்படுவதற்கு முதல் எங்கள் வாச்சரிடம் போய், தினமும் ஒருதரம் மேலே ஏறி அக்காவைப் பார்க்கும்படி சிங்களத்தில் கேட்டுக்கொண்டேன். "ஹரி மாத்தயா" என்று தலையாட்டினார். இரண்டு கிழமை ஏறினாராம். பிறகு முழங்கால் நோவாம்.

ஒஸ்லோவுக்கு வந்து, இரவில் மட்டும் மூடும் என் தடித்த திரையைப் பகலிலும் இழுத்து மூடிவிட்டு இருந்தேன். டிராமில் போகும்போது கமரா பைக்குள் கிடக்கும். இருபத்தொரு நாள் அப்படி இருந்திருக்கிறேன். நான் எண்ணவில்லை, எண்ணியது இங்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்து என் கதவைத் தட்டினார். அத்தனை வருடத்தில் அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. திரை மூன்று கிழமையாகத் திறக்கவில்லை, நீ விழுந்து கிடக்கிறாயோ என்று நினைத்தேன் என்றார். இல்லை, என் அக்கா என்று தொடங்கினேன். அவரிடம் சொல்ல என் நோர்வேஜியன் போதவில்லை. அக்கா இறந்துவிட்டார் என்று அவர் விளங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் திருத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. என்னைப் பார்க்க இந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறது, அக்காவுக்கு அங்கே இருந்த ஒரு ஆளை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்பதைத் தமிழிலேகூட என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ரவிக்குத் தேத்தண்ணீர்க்காரரைப் பற்றி மட்டும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

இப்போது மருதாயியின் வேலையை நான் செய்கிறேன். வெள்ளவத்தையில் எட்டு மணியாகும்போது இங்கே விடிகாலை நாலரை. கோடை தொடங்கிவிட்டதால் வெளிச்சம் வந்துவிடும். வேலைக்கு வெளிக்கிட முதல் அக்காவை வீடியோவில் எடுப்பேன். குசினியில் போனை யன்னல் கட்டில் சாய்த்து வைத்துவிட்டு மருந்தை விடுவார். "இருக்கிறன்" என்பார். அவ்வளவுதான். இரவு மருந்துக்கு, வேலை முடிந்த கையோடு எடுப்பேன். போனின் கமரா எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைப்பது அவர் தெரிந்து செய்வதோ தெரியாமல் செய்வதோ, நான் கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு காலையும் எனக்குத் தெரிவது அக்காவின் முகம் அல்ல, அந்தச் சாத்திய யன்னல்தான். அதன் கண்ணாடிக்குப் பின்னால், நீலப் பூ டைல்ஸின் மேல், எங்கள் கிண்ணம் இருக்கிறது. படம் எடுத்த அன்று மத்தியானம் அக்கா மறுபடி சொதியோடு நீட்டியது, மருதாயி கழுவித் துடைத்துத் திருப்பித் தருவதற்காக எடுத்து வைத்தது. வெயில் வரும் நேரமல்லாததால் அதில் வெட்டிய அம்மாவின் பெயரை வாசிக்க முடியாது, ஆனால் பெயர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். உள்ளே ஏதாவது போட்டு வைத்திருக்கிறாரா என்று தினமும் எட்டிப் பார்க்கிறேன். இங்கிருந்து தெரியவில்லை. அக்காவுக்கோ கையை நீட்டினாலும் எட்டாது.